காணாமற்போன ஏடும் கண்திறவா வட்டும்

போசரிக்கு வடக்கே இந்திராயணி ஆறு ஓடுகின்றது. அதன் கரையில் ஒருபால் ஞானேசுவரர் சமாதி கொண்ட ஆளந்தி. மேற்கே துக்காராம் பிறந்த தேஹு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம் தம் அபங்கங்களை எழுதி வைத்திருந்த ஏடுகளை இவ்வாற்றில் அமிழ்த்த நேர்ந்தது என்றும், அவர் உண்ணாது கரையிற் கிடந்த பதின்மூன்றாம் நாள் அவ்வேடுகள் கெடாமல் மேலே மிதந்து வந்தன என்றும் இந்நாட்டு மக்கள் கூறுவர். வையையில் ஏடு எதிரேறிய வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது முற்றிலும் புதிய கதையன்று.

அதே மக்கள் மற்றொரு செய்தியையும் சொல்வர். துக்காராமின் சீடரும் எண்ணெய் ஆட்டும் தொழிலினருமான சந்தாஜி ஜகனாடே என்பார், தம் நினைவில் இருந்தவற்றையும் ஊரார் நாவில் இருந்தவற்றையும் திரட்டி அப்பாடல்களை மீண்டும் எழுதி வைத்தார் என்பது அது. முதற் கதை அருளைச் சொல்கின்றது. இரண்டாவது உழைப்பைச் சொல்கின்றது. தேஹுவிலுள்ள காதா மந்திரின் சுவர்களில் அப்பாடல்கள் இன்று கல்லில் வெட்டப்பட்டுத் திகழ்கின்றன. ஒருமுறை ஆற்றில் ஆழ்ந்த நூலுக்கு இனி அழிவு நேரலாகாது என்ற கவலை அக்கல்லிற் புலனாகின்றது.

நம்முடைய நிலை என்ன? தாயகத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் தம் நினைவுகளை இன்று எதில் வைத்திருக்கின்றன? அலமாரியின் மேல்தட்டில், பழைய பட்டுத் துணிக்கடியில், உள்ளங்கை அளவினதாய்க் கறுத்துக் கிடக்கும் ஒரு பெட்டியில். அதை ஹார்டு டிஸ்க் என்று சிறுவரும் அறிவர். நாம் ஈண்டு வட்டு என்று சுருங்கச் சொல்வோம். திருமணப் படங்கள், பிறப்புச் சான்று, ஊரிலுள்ள காணியின் பத்திரப் படி, மறைந்த பெரியோரின் குரல் ஆகிய யாவும் அதற்குள் அடக்கம். ஒருநாள் அதைக் கணிப்பொறியில் இணைக்கின்றோம். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் இழவு விழுந்தாற்போன்ற அமைதி. அவ்வேளையில் செய்ய வேண்டுவது யாது, செய்யத் தகாதது யாது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இளங்கலையில் வரலாறு பயின்றோமேயன்றிக் கணிப்பொறி நமக்குக் கல்லூரிப் பாடமாக வந்ததில்லை. பிரிவிலுள்ள பொறிகள் முரண்டு பிடிக்கும்போது பழுது பார்ப்பவர் வரும்வரை கோப்புகள் காத்திரா; ஆதலால் பல ஆண்டுகளாகப் பார்த்தும் கேட்டும் சிறிது கற்றோம். அதனை அறிந்த அண்டை வீட்டார், தம் வட்டு கண் திறவாதபோது நம் கதவைத் தட்டுவது வழக்கமாயிற்று. அவ்வாறு பெற்ற பட்டறிவே இங்கு எழுதப்படுவது.

வட்டின் இயல்பு

ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் ராமாக் 305 என்னும் பொறியை வெளியிட்டது. அதனுள் இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அவ்வளவு பெரிய அமைப்பு தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகளையே. இன்று சட்டைப் பையில் அடங்கும் ஒரு டெராபைட் வட்டு, இலட்சம் கோடி எழுத்துகளைத் தாங்கும். அஃதாவது இரண்டு இலட்சம் மடங்கு.

கொள்ளளவு பெருகியவாறே மென்மையும் பெருகிற்று. நிமிடத்திற்கு 5,400 சுற்று என்னும் கணக்கில், அதாவது நொடிக்குத் தொண்ணூறு முறை, உள்ளிருக்கும் தட்டு சுழல்கின்றது. அதன்மேல் எழுத்தைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கின்றது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டதில் ஒரு கூறு. மனிதரின் மயிரிழை ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் பருமனுடையது எனின், அம்முனை எத்துணை நெருங்கிப் பறக்கின்றது என்பதை எண்ணிக் கொள்ளலாம். சுழலும் வட்டு மேசையிலிருந்து விழுவது ஏன் பெருங்கேடு என்பதும் இதனால் விளங்கும்.

எனினும், திரையில் தோன்றாத வட்டெல்லாம் இறந்த வட்டன்று. காணாமை வேறு, அழிவு வேறு. இவ்வொன்றை மனத்தில் இருத்தியவர் தம் செல்வத்தில் பெரும்பகுதியைக் காத்துக் கொள்வர்.

பதிவறை காட்டும் பாடம்

அலுவலகப் பதிவறையில் ஒரு கோப்பு கைக்கு அகப்படவில்லையென்றால், நல்ல எழுத்தர் உடனே 'கோப்பு இல்லை' என்று குறிப்பெழுதிவிடுவதில்லை. அறையின் கதவு திறந்திருக்கின்றதா? விளக்கு எரிகின்றதா? அறைக் காவலரின் மொழி நமக்கும், நம் மொழி அவருக்கும் விளங்குகின்றதா? அறை எண் மாறிவிட்டதா? பதிவேட்டில் அக்கோப்பின் வரிசை எண் உள்ளதா? இவ்வளவும் பார்த்த பின்னரே அடுக்கில் கை வைப்பார்.

கணிப்பொறியிலும் இதே வரிசைதான். மின்சாரமும் கேபிளும் கதவும் விளக்குமாம். வட்டுக்கும் இயக்குதளத்திற்கும் இடையே நின்று பேசும் டிரைவர் என்னும் மென்பொருள், அந்நாளில் கும்பினியாருக்கும் ஊராருக்கும் இடையே நின்ற துபாசியைப் போன்றது. விண்டோசில் டி, ஈ, எஃப் என்று வட்டுக்கு இடப்படும் எழுத்து, அறைக் கதவில் ஒட்டிய எண். எந்தக் கோப்பு வட்டின் எப்பகுதியில் உள்ளது என்று குறித்து வைக்கும் கோப்பு அமைப்பு, பதிவேடு. அடுக்கிலுள்ள தாள்களே நம் படங்களும் பாடல்களும். பதிவேடு கிழிந்தால் தாள்கள் எரிந்துவிட்டன என்பதில்லை. அறை எண் உதிர்ந்து விழுந்தால் அறை இடிந்துவிட்டது என்பதுமில்லை. ஆனால் இயக்குதளம் இவை எல்லாவற்றிற்கும் ஒரே முகத்தைக் காட்டுகின்றது: வட்டு தோன்றுவதில்லை.

போசரியின் தொழிற்பேட்டையிலுள்ள பட்டறைகளில் உழைக்கும் நம்மவர்க்கு இம்முறையைக் கற்பிக்க வேண்டுவதில்லை. கடைசல் பொறி நின்றுவிட்டால் அவர்கள் முதலில் மோட்டாரைப் பிரிப்பதில்லை. ஃபியூஸ், ஒயர், பெல்ட் என்று வெளியிலிருந்து உள்ளே செல்வர். எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் பார்ப்பதே பழுது பார்ப்போர் அறம்.

ஒரு தாலாட்டின் கதை

எங்கள் குடியிருப்பில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் இருக்கின்றார். கணவர் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்று மறைந்தார். மகன் வீட்டில் இப்போது வாழ்கின்றார். அவருடைய தாயார் தாலாட்டும் ஒப்பாரியும் பாடுவதில் ஊரில் பெயர் பெற்றவர். 2012இல் கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற பேரன், மூதாட்டியைத் திண்ணையில் அமர்த்தி, கைப்பேசியில் ஒரு பிற்பகல் முழுதும் பாட வைத்துப் பதிவு செய்தான். மூன்றாண்டு கழித்து மூதாட்டி மறைந்தார். பதிவு ஒரு வட்டில் மட்டுமே இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் அவ்வட்டு கண் திறக்கவில்லை. நாம் சென்றபோது வீட்டார் அனைவரும் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நின்றிருந்தனர். அம்மையார், "தம்பி, எங்கம்மை குரலு அதுக்குள்ளதான் இருக்கு, பாத்துச் செய்யுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"முதலில் யாரும் எதையும் அழுத்த வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டு வட்டைக் கையில் எடுத்தோம். விரல் நுனிக்குச் சுழற்சி புலப்படுகின்றதா என்று பார்த்தோம். சிறிது சுழன்று நின்றது. விளக்கு சிமிட்டி அணைந்தது. அவ்வட்டு பல இணைப்புகளை ஒன்றாக்கும் ஹப் வழியே செருகப்பட்டிருந்தது. அதே ஹப்பில் விசைப்பலகையும் பிரிண்டரும் கைப்பேசியும் தொங்கின. யு.எஸ்.பி. இரண்டாம் பதிப்புத் துளை ஒன்று தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். மூன்றாம் பதிப்பு 900 தரும். அதைப் பலர் பங்கிட்டால் சுழலும் வட்டுக்குப் போதுமானது கிட்டாது. ஆகவே ஹப்பை நீக்கி, வேறொரு குட்டையான கேபிளால் கணிப்பொறியிலேயே நேரே இணைத்தோம். விளக்கு நிலைத்து எரிந்தது. சுழற்சி சீராகக் கேட்டது. முதற் கதவு திறந்தது.

ஆயினும் திரையில் வட்டு தோன்றவில்லை. வீட்டாரின் முகங்கள் மீண்டும் வாடின. அடுத்து டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்தோம். அங்கே வட்டின் பெயர் மஞ்சள் எச்சரிக்கைக் குறியின்றி விளங்கிற்று; துபாசிக்கு உடல்நலக் குறைவில்லை. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியைத் திறந்தோம். அங்கே வட்டு இருந்தது. அதன் கோப்பு அமைப்பு என்.டி.எஃப்.எஸ். என்றும், நிலை நலம் என்றும் எழுதியிருந்தது. கதவில் எண் மட்டும் இல்லை. வலப்பொத்தானை அழுத்தி, வேறு எதற்கும் இடப்படாத ஓர் எழுத்தைத் தேர்ந்து இட்டோம். அக்கணமே வட்டு திரையில் தோன்றியது. தொடங்கியதிலிருந்து கால் மணிநேரமே சென்றிருந்தது.

பேரன் உடனே பாடலை ஒலிக்கச் செய்ய விரைந்தான். அவனைத் தடுத்து, முதலில் அக்கோப்புறையை மடிக்கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் படியெடுக்கச் சொன்னோம். இறந்து பிழைத்தவர் வீடு திரும்பியவுடன் விருந்து வைப்பதில்லை, முதலில் மருந்து. படி முடிந்த பின் ஒலித்தது. திண்ணை, கோழியின் கூவல், இடையில் யாரோ தண்ணீர் கேட்கும் ஓசை, அவற்றினூடே முதிர்ந்த ஒரு குரல். அம்மையார் அழவில்லை, ஓரிடத்தில், "இந்த அடியை நான் மறந்துட்டேனே" என்று மெல்லச் சொல்லி உடன் பாடத் தொடங்கினார்.

செய்யத் தகாதன

மேற்சொன்ன வட்டு எளிதில் மீண்டது. அதற்குக் காரணம் நம் திறமையன்று. அதுவரை அவ்வீட்டார் அதில் எதையும் எழுதாமல் இருந்ததே. வட்டு வேறு வகையாகவும் மறுக்கலாம். 'இவ்வட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்னும் பொருள்படத் திரை கேட்கும். இக்கேள்வி பணிவானது, ஆனால் கொடியது. பதிவேட்டைத் தன்னால் படிக்க இயலவில்லை என்பதையே இயக்குதளம் இவ்வாறு சொல்கின்றது. வேறோர் இயக்குதளம் எழுதிய நல்ல பதிவேடாக இருப்பினும் விண்டோஸ் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. ஆம் என்று அழுத்துவது, பதிவேடு புரியவில்லை என்பதற்காகப் புதிய வெற்றுப் பதிவேட்டை வைத்துப் பழையதை வீசுவதற்கு ஒப்பாகும். குயிக் ஃபார்மட் என்னும் விரைவு முறையில் தாள்கள் அடுக்கிலேயே இருக்கும். மீட்க வழி பெரிதும் உண்டு. முழு ஃபார்மட் என்பது, விஸ்டா பதிப்புக்குப் பின்வந்த விண்டோசில், வட்டு முழுவதும் சுழியத்தை எழுதிச் செல்வது. அதன்பின் தேடுவது ஆற்று மணலில் எழுதியதைத் தேடுவதாகும்.

'இனிஷியலைஸ்' என்னும் அழைப்பும் அத்தகையதே. அகத்தே நம் பொருள் உண்டென்று அறிந்த வட்டை அவ்வாறு தொடங்கிவைக்க இசையலாகாது. செக் டிஸ்க் என்னும் பிழைதிருத்தும் ஏவல் நலமுள்ள வட்டின் சிறு பிழைகளுக்கு நன்று. நலிந்து கொண்டிருக்கும் வட்டில் அது பதிவேட்டைத் தன் போக்கில் திருத்தி, எஞ்சியதையும் குலைக்கக்கூடும். நோயாளிக்கு ஓய்வு வேண்டிய நேரத்தில் தேகப் பயிற்சி கொடுப்பதா?

வட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் ஒலி எழுந்தால், முதலில் மின்சாரம் போதுமானதா என்பதை மட்டும் வேறு துளையில் ஒருமுறை பார்க்கலாம். ஒலி தொடருமாயின் உடனே பிரித்து வைத்துவிட வேண்டும். படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுகொள்ள இயலாமல் தடுமாறும் ஒலி அது. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் தட்டின் மேற்பூச்சு சுரண்டப்படக்கூடும். தூசு புகாத அறையில் வைத்துத் திறக்கும் வல்லுநரிடமே அதனைச் சேர்ப்பிக்க வேண்டும். வீட்டில் திறந்து பார்ப்பதும், குளிர்பெட்டியில் வைப்பதும், தட்டிப் பார்ப்பதும் வேண்டா.

இயக்குதளத்தின் குற்றமா, வட்டின் குற்றமா என்று ஐயம் எழின் ஒரு வழி உண்டு. லினக்ஸ் வகை இயக்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். அதில் வட்டு தோன்றி விண்டோசில் தோன்றாவிடில், நோய் பெரும்பாலும் விண்டோசினுடையது. அதனை வேறொரு நண்பரின் கணிப்பொறியில் செருகிப் பார்ப்பதும் இச்சோதனையின் எளிய வடிவே. சில புதிய கணினிகளில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்னும் அப்பூட்டு, நாற்பத்தெட்டு இலக்கத் திறவெண்ணைத் திடீரென்று கேட்பதுண்டு. அவ்வெண்ணைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்திராதவர்க்கு, நலமுள்ள வட்டும் அழிந்த வட்டே.

சிதைந்த இடங்கள்

எல்லா முயற்சியும் முழு வெற்றி பெறுவதில்லை. தேஹு ரோடு பகுதியில் வாழும் சங்க அன்பர் ஒருவருடைய வட்டு, தோன்றியும் தோன்றாமலும் இருந்தது. ஒரு படத்தைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் தம் பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. வட்டு தன்னைத் தானே சோதித்து எழுதிவைக்கும் ஸ்மார்ட் என்னும் குறிப்பைப் பார்த்தபோது, பழுதுற்று ஒதுக்கப்பட்ட பகுதிகள் பலவாக இருந்தன. அதை மேலும் திறந்து பார்த்துக் கொண்டிராமல், லினக்சில் டிடி-ரெஸ்க்யூ என்னும் கருவியால் மற்றொரு புதிய வட்டுக்கு முழுப்படி எடுத்தோம்.

அக்கருவியின் போக்கு வியப்பிற்குரியது. அது எளிதில் படிக்கக்கூடிய இடங்களை முதலில் விரைந்து படியெடுக்கும். பழுதுற்ற இடத்தில் நின்று மல்லாடாமல், அவ்விடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்லும். நல்லன யாவும் கைக்கு வந்த பின்னரே விட்ட இடங்களுக்குத் திரும்பி, சிறிது சிறிதாக முயலும். இரண்டு பகல், இரண்டு இரவு அது உழைத்தது. பெரும்பாலான படங்கள் மீண்டன. சில, பாதிவரை மனித முகமும் அதன்கீழ் சாம்பல் நிறமுமாக வந்தன. சில வரவேயில்லை.

அன்பர் வருந்தினார். அவருக்கு நம் பழைய நூல்களை நினைவூட்டினோம். நற்றிணையில் 234ஆம் பாட்டு இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரண்டும், புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டும் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எழுபது என்று எண்ணப்பட்ட பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. நம் முன்னோரின் வட்டிலும் பழுதுற்ற பகுதிகள் இருந்தன என்பதற்கு இவை சான்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, ஒரே சுவடியை நம்பி அச்சிடவில்லை. பல ஊர்களில் தேடிப் பெற்ற பல பிரதிகளை ஒப்புநோக்கினார். ஒன்றில் செல்லரித்த இடம் மற்றொன்றில் செம்மையாக இருந்தது. ஒரே பிரதியாக எஞ்சியதற்கு ஒப்புநோக்க ஒன்றில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்து யாரேனும் ஒருவர் வீட்டில் மற்றுமொரு படியாக இருந்திருப்பின் இன்று நாம் படித்துக் கொண்டிருப்போம் அன்றோ?

அன்பர் சிறிது நேரம் எண்ணியிருந்து, சென்னையிலுள்ள தம் தமக்கைக்குக் கடிதம் எழுதினார். அவரிடம் அக்கல்யாணப் படங்கள் பன்னிரண்டு தாளில் அச்சிட்டவையாக இருந்தன. அவற்றுள் நான்கு, இங்கே சாம்பலாக வந்தவை.

எழுத்து மாறிய ஏடு

வட்டு திறந்தது, கோப்பும் கிடைத்தது. எனினும் படிக்க முடியவில்லை என்னும் நிலையும் உண்டு. இதனைத் தமிழர் தனியே அறிந்துகொள்ள வேண்டும். நம் சங்கத்தின் பழைய மலர் ஒன்றிற்காகத் தட்டெழுதிய கோப்புகள் ஒரு வட்டிலிருந்து கிடைத்தன. திறந்தால் தமிழில்லை, புள்ளியும் கோடும் பிறமொழி எழுத்துமாகக் காட்சி தந்தன. வட்டு கெட்டுவிட்டது என்றே பலரும் கூறினர். வட்டு கெடவில்லை, அக்காலத்து எழுத்துக் குறியீடு இக்காலக் கணினிக்குத் தெரியவில்லை.

இந்திய மொழிகள் கணிப்பொறியேறிய வரலாற்றில் நாம் வாழும் புணே நகருக்குப் பெரும்பங்கு உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஜிஸ்ட் என்னும் எழுத்துத் தொழில்நுட்பத்தை, 1988இல் புணேயில் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனம் வளர்த்தது. ஜிஸ்ட் அட்டையைச் செருகினால் அந்நாளைய கணினித் திரையில் தமிழும் மராத்தியும் தோன்றின. இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டுத் தரம் 1991இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆயினும் யூனிகோடு வீடுதோறும் வருவதற்குள் அச்சகத்துக்கு ஒரு குறியீடும் எழுத்துருவுக்கு ஒரு குறியீடுமாகப் பெருகின. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரண்டினை ஏற்றது. இவற்றில் எழுதியவற்றை யூனிகோடாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. ஆகவே சங்கக் கோப்புகளுள் பெரும்பகுதி ஒரே மாலையில் தமிழாயிற்று.

இரண்டு கட்டுரைகள் மட்டும் எந்த மாற்றிக்கும் அடங்கவில்லை. ஏதோ ஓர் அச்சகத்தின் தனிக் குறியீட்டில் அமைந்தவை. பின்னர் உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பரணில் அம்மலரின் அச்சுப்படி அகப்பட்டது. ஞாயிறுதோறும் தமிழ் பயிலும் நம் சிறார் பக்கத்திற்கு ஒருவராக அமர்ந்து அவற்றை மீண்டும் தட்டெழுதினர். மராத்தியில் கனவு காணும் அப்பிள்ளைகள், தம் பாட்டனார் எழுதிய வரிகளை எழுத்தெண்ணி எழுதிய காட்சியைக் கண்டபோது, கோப்பு கெட்டதும் ஒருவகையில் நன்றே என்று தோன்றிற்று.

படியெடுத்தல்

முன்னாளில் பனையோலை நைந்து வரும்போது மற்றோர் ஓலையில் எழுதிக்கொண்டனர். அவ்வழக்கம் தளர்ந்த காலத்தில் பல சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர். வட்டும் பனையோலையைப் போன்றதே. அதற்கும் ஆயுள் உண்டு. சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகை வட்டுகள் விழுந்தாலும் தாங்கும். ஆனால் அவை ஒலியால் முன்னறிவிப்புத் தாரா. மின்னூட்டமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவற்றின் எழுத்து மங்கவும் கூடும். அவற்றில் அழித்த கோப்பை மீட்பதும் பெரும்பாலும் இயலாது. ஆகவே எவ்வகை வட்டினையும் இறுதி இருப்பிடமாகக் கருதலாகாது.

அறிந்தோர் கூறும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்பது. எதற்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். மூன்றாவது விதி பிறருக்குக் கடினமாகலாம். புலம்பெயர்ந்த நமக்கு அது மிக எளிது. ஊரில் அண்ணன் இருக்கின்றார். சென்னையில் தமக்கை இருக்கின்றார். கடல் கடந்து மகள் இருக்கின்றார். உறவுகள் திசைக்கொன்றாய்ச் சிதறியதை எண்ணி நாம் வருந்துவதுண்டு. அச்சிதறலே நம் நினைவுகளுக்குக் காவலாக அமையக்கூடும். தீபாவளிக்கு ஊர் செல்லும்போது பலகாரத்துடன் ஒரு பென் டிரைவும் செல்லட்டும். பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது வட்டையும் எடுத்து இணைத்து, திறக்கின்றதா, எழுத்துத் தெரிகின்றதா, குரல் கேட்கின்றதா என்று ஆண்டுக்கொருமுறை பார்த்து வைப்போம். மிகவும் வேண்டிய சில படங்களையும் பாடல்களையும் தாளிலும் அச்சிட்டு வைப்போம். அதனைப் படிக்கத் துபாசி வேண்டா, மின்சாரம் வேண்டா.

நெல்லை அம்மையாரின் தாலாட்டு இப்போது நான்கு வீடுகளில் உள்ளது. அவர் மறந்திருந்த அந்த அடியைப் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றாள். சென்ற மாதம் பிறந்த தன் தம்பிக்கு அதைப் பாடியும் பழகுகின்றாள். வட்டு என்றேனும் ஒருநாள் நின்றே தீரும். பாட்டு நில்லாதிருக்க, அடுத்தவர் கையில் ஒரு படி இருத்தல் வேண்டும்.